வெள்ளப் பேச்சு

சமையலறைக் கதவைக் கழற்றிவிட்டார்கள். பெல்மிராவைக் கட்டிலோடு தூக்க அந்த மாடிப்படி இடம் கொடுக்காது. நாற்காலியில் உட்கார்த்தித் தூக்க அவள் உடம்பு இடம் கொடுக்காது. ஆகவே கதவின்மேல் மெத்தையைப் போட்டு, மெத்தையின்மேல் அவளைக் கிடத்தி, படகுக் கயிற்றால் சுற்றிக் கட்டினான் படகுக்காரன் செஃபரினோ. தரையில் தண்ணீர் அவன் கணுக்காலை மூடியிருந்தது. ஆறு வாசல் வழியாக வரவில்லை. போர்ட்டோவின் ஆற்றங்கரையிலுள்ள மிராகாயாவில் அது எப்போதும் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்துதான் முதலில் எழும்பும். பிறகுதான் தெருவில் தெரியும்.

"மூட்டை மாதிரிக் கட்டுறியேடா," என்றாள் பெல்மிரா. மூச்சு வாங்கியது. "சுங்கத்துல காட்டணுமா என்னை?"

"காட்டினா உன்னை எடை போட்டு வரி கேப்பான் அத்தை. கையை உள்ள வச்சுக்க. சுவத்துல உரசும்."

நான்கு பேர் தூக்கினார்கள். டெல்ஃபினா ஒரு கையில் இரண்டு கோழிகளைக் கால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையில் அம்மாவின் செருப்புகளோடு பின்னால் ஏறினாள். அம்மா இனி செருப்புப் போட்டு நடக்கப்போவதில்லை என்று மருத்துவர் கிறிஸ்துமஸுக்கு முன்பே கையை விரித்துவிட்டார். இருந்தாலும் செருப்பை வெள்ளத்துக்கு விட்டுவிட்டு வர டெல்ஃபினாவுக்கு மனம் வரவில்லை.

முதல் மாடியில் கான்ஸ்டான்சா தன் தையல் இயந்திரத்தின் தலையைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளும் மேலே போக வேண்டியவள்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷப் பெருவெள்ளத்தின் கோடு அவள் அறைச் சுவரில், சன்னலுக்குப் பாதி உயரத்தில், கல்லில் வெட்டியிருந்தது. ஆற்றின் மேற்பகுதியில் ரெகுவாவில் படித்துறை முழுகிவிட்டதாகக் காலையில் தந்தி வந்திருந்தது. ரெகுவாவில் முழுகினால் சாயங்காலம் போர்ட்டோவில் முழுகும்.

இரண்டாம் மாடியில் ஏற்கெனவே மூன்று குடும்பம். தட்டம்மை கண்ட குழந்தைகள் வேறு. எப்போது வெள்ளம் வந்தாலும் பெல்மிரா இரண்டாம் மாடியோடு நின்றுவிடுவாள். அங்கே ஒரு மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தண்ணீர் வடியும்வரை எல்லோரையும் அதட்டிக்கொண்டிருப்பாள். இந்த முறை தூக்கி வந்தவர்கள் இரண்டாம் மாடியில் நிற்கவில்லை.

"எந்த மாடி?" என்றாள் பெல்மிரா.

டெல்ஃபினா கோழிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"எந்த மாடின்னு கேட்டேன்."

"மூணாவதும்மா. அங்கதான் தனிக் கட்டில் இருக்கு."

பெல்மிரா கண்ணை மூடிக்கொண்டாள். படிக்கட்டின் திருப்பத்தில் கதவைச் சாய்த்துத் திருப்பியபோது ஒருபக்கமாகச் சரிந்தாள். அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. "சரி," என்றாள். "வெள்ளந்தானே."

மூன்றாம் மாடிக் கதவு திறந்திருந்தது. வெள்ளத்தன்று மேல்மாடிக் கதவுகள் திறந்தே இருக்கும். அவற்றை யாரும் தட்டுவதில்லை, உள்ளே இருப்பவர்கள் வாங்க என்று சொல்வதில்லை, வருகிறவர்கள் நன்றி சொல்வதில்லை. ஒலிந்தா அடுப்பங்கரையில் உருளைக்கிழங்கும் கீரையும் போட்ட சூப்பைக் கிண்டிக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்காமல் கரண்டியால் உள் அறையைக் காட்டினாள். கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. கால்மாட்டில் துணி சுற்றிய சூட்டுச் செங்கல். ஆறு ஏறும் என்று தெரிவதற்கு முன்பே அந்தக் கட்டில் தயாராகியிருக்க வேண்டும் என்று டெல்ஃபினாவுக்குத் தோன்றியது. செங்கல் அவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை.

ஒலிந்தா பெல்மிராவின் தங்கை. ஒரே கட்டடத்தில், அக்கா அடித்தளத்திலும் தங்கை மூன்றாம் மாடியிலும், டெல்ஃபினா பிறந்த வருஷத்திலிருந்து பேச்சில்லாமல் இருந்தார்கள்.

காரணம் ஊருக்கே தெரியும். எதிரே நிற்கும் சுங்க மாளிகையை, இவர்களுடைய பாட்டன் காலத்தில், மிராகாயாவின் மணற்கரையின் மேலேயே தூக்கிக் கட்டினார்கள். அதுவரை வாசல் முன்னுள்ள கல் வளைவுகளுக்குக் கீழே படகு வந்து நின்ற வீடுகள் அப்புறம் ஆற்றையே பார்க்க முடியாத பள்ளத்துக்குள் போய்விட்டன. கரையை எடுத்துக்கொண்டவர்களிடமிருந்து மிராகாயாப் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். கப்பலிலிருந்து கூடை சுமந்து இறங்கும்போது பாவாடைக்குள் ஒரு பை காப்பிக்கொட்டை கொண்டுவராத பெண் அந்தத் தெருவில் இல்லை. காவலர்களும் பெரும்பாலும் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். பெல்மிரா பையைப் பாவாடை மடிப்போடு மடிப்பாக வைத்துத் தைத்திருந்த விதம் அவ்வளவு நேர்த்தி. புதுப்பெண்ணான ஒலிந்தா அதை ஓர் இரவு சாப்பாட்டின்போது சிரித்துச் சிரித்துப் புருஷனிடம் சொன்னாள். என் அக்கா எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள் என்ற பெருமை. புருஷன் அவெலினோ சுங்கக் காவலில் அப்போதுதான் சேர்ந்தவன்; தோளில் பட்டை ஏறவேண்டும் என்ற ஆசை. மறுநாள் சுங்க வாசலில் பெல்மிராவின் பாவாடை மடிப்பைப் பிரிக்கச் சொன்னான்.

மேட்டுமேல் இருக்கும் பெருஞ்சிறையில் பெல்மிரா இருந்தபோது தொட்டில் குழந்தை டெல்ஃபினா இந்த மூன்றாம் மாடியில்தான் வளர்ந்தாள். வெளியே வந்த அன்று பெல்மிரா நேரே மேலே ஏறினாள், குழந்தையை வாங்கிக்கொண்டாள், தங்கையை ஒருமுறை பார்த்தாள், இறங்கினாள். அதோடு சரி.

டெல்ஃபினாவிடம் மட்டும் இருவரும் பேசுவார்கள். அவள் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கும்போது, "மேல்வீட்டு அம்மாகிட்ட சொல்லு, அவங்க துணி என் வாசல்ல சொட்டுது," என்பாள் அம்மா. மேல்வீட்டு அம்மா சன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். "கீழ்வீட்டம்மாகிட்ட சொல்லு, வெயில் வந்தா சொட்டாது," என்பாள். டெல்ஃபினா இரண்டையும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போவாள். சொல்லாவிட்டால் அது போய்ச் சேர்ந்ததாக ஆகாது. அவெலினோ இறந்தபோது பெல்மிரா தன் வாசலில் கறுப்புத் துணி கட்டினாள். ஊர்வலத்தின் பின்னால் நடக்கவில்லை. பேச்சில்லாதவர்கள் பிணத்தின் பின்னால் நடப்பதில்லை. சன்னலில் நின்று பார்ப்பார்கள், சிலுவை போட்டுக்கொள்வார்கள். அதுவே மரியாதை.

ஆனால் வெள்ளத்தின்போது பேசலாம். வளைவுகளின் கீழ் வாழ்ந்தவர்கள் எந்தக் காலத்திலோ செய்துகொண்ட ஏற்பாடு அது. வாசற்படி நனைந்துவிட்டால் யாரும் யாருக்கும் பகையில்லை. ஒரே பானையில் சாப்பிடலாம், ஒரே போர்வையில் தூங்கலாம், வாய் கொண்டமட்டும் பேசலாம். காய்ந்த கல்லில் கால் வைத்ததும் எல்லாம் பழையபடி. வெள்ளத்தில் பேசியது பேசியதாகாது. ஒன்பதாம் வருஷம் இரண்டு மைத்துனர்கள் கூரைமேல் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் ஜெபம் சொன்னார்கள். மண் காய்வதற்குள் தங்கள் பழைய வழக்குக்காகக் கோர்ட்டுக்குப் போனார்கள். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. இப்படி ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால், இத்தனை குறுகலான தெருவில், இத்தனை கோபத்தோடு, ஆறு வரும்போதெல்லாம் பாதிப் பேர் செத்திருப்பார்கள்.

பெல்மிராதான் முதலில் பேசினாள். டெல்ஃபினா ஊட்டிய சூப்பை இரண்டு வாய் விழுங்கிவிட்டு, "உப்பில்ல," என்றாள், அடுப்பங்கரைக்குக் கேட்கும்படி.

"பல்லில்லாதவங்களுக்கு உப்பு எதுக்கு?" என்று அங்கிருந்து பதில் வந்தது.

"உப்பை என்ன கடிச்சா தின்னுவாங்க?"

"டாக்டர் உப்பு கூடாதுன்னு சொல்லியிருக்கார். கீழ்வீட்ல அடுப்புமேல எழுதி ஒட்டியிருக்குன்னு கேள்வி."

பெல்மிரா சிரிக்கப் பார்த்தாள், இருமலாக வந்தது. ஒலிந்தா கரண்டியோடு வந்து நிலையில் நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மதியம் முழுவதும் இருவரும் பேசினார்கள். டெல்ஃபினா தன் வாழ்நாளில் அதைக் கேட்டதில்லை. முன்பு வந்த வெள்ளங்களில் அம்மா இரண்டாம் மாடியிலும் சித்தி மூன்றாம் மாடியிலுமாக இருந்து, படிக்கட்டு வழியாக ஒன்றிரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். இப்போது ஒரே அறை.

அவர்கள் பிறந்த ஆர்மீனியத் தெருவைப் பற்றிப் பேசினார்கள். துருக்கியருக்குத் தப்பி ஒரு புனிதரின் எலும்புகளைச் சுமந்துகொண்டு கப்பலில் வந்திறங்கிய ஆர்மீனியர்களை, யார் நீங்கள் என்று கேட்காமல் மிராகாயா இடம் கொடுத்து வைத்துக்கொண்டது என்று தங்கள் அப்பா சொல்வதைப் பேசினார்கள். அந்த அப்பா யாருக்கும் ஒரு நாற்காலிகூட இரவல் கொடுத்ததில்லை என்பதையும் பேசினார்கள். ஒன்பதாம் வருஷம் மேல்மாடிச் சன்னலில் சிறுமிகளாக உட்கார்ந்து, ஆற்றில் அடித்து வந்த ஒயின் பீப்பாய்களை எண்ணியது. அதில் ஒன்று வளைவில் மாட்டிக்கொண்டது. மிராகாயா முழுவதும் அன்று குடித்துவிட்டுப் பாடியது. பங்குச் சாமியாரும் பாடினார்.

"நீயுந்தான் குடிச்ச," என்றாள் பெல்மிரா.

"எனக்கு எட்டு வயசு."

"எட்டு வயசுலயே உனக்கு வாய் நிக்காது."

ஒலிந்தா தன் முழங்கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த அறையில் கோழி ஒன்று அலமாரிக்குள் ஏறிக் கொக்கரித்தது. "முட்டை போட்டுச்சுன்னா அது எனக்கு," என்றாள் ஒலிந்தா. பேச்சு கோழிக்குப் போனது.

வெளியே சுங்க மாளிகையும் இந்த வீடுகளும் தண்ணீரில் எதிரெதிரே நின்றன. நடுவில் தெரு இருந்ததற்கு அடையாளம் விளக்குக் கம்பங்கள் மட்டும். வீட்டுக்கு வீடு கயிறு கட்டிக் கூடை ஓடிக்கொண்டிருந்தது. மேட்டிலிருந்து கீழிறங்கும் கூடைகளில் சோளரொட்டியும் கரியும் வந்தன. யார் அனுப்பியது என்று எந்தக் கூடையிலும் சொல்லப்படவில்லை. செஃபரினோ தன் படகில் ஒவ்வொரு சன்னலாகப் போய் ஆட்களை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பள்ளத்திலிருந்து மேட்டில் ஒரு நல்ல வீட்டுக்குப் போய்விடு என்று மீன் சந்தையில் எத்தனையோ பேர் டெல்ஃபினாவிடம் சொல்லியிருக்கிறார்கள். கயிற்றில் ஆடி ஆடி வரும் கூடையைக் கைநீட்டிப் பிடிக்கும்போது அவள் ஏன் போகவில்லை என்பது அவளுக்கே விளங்கியது.

சாமியாரைச் செஃபரினோ முதல்மாடிச் சன்னல் வழியாக ஏற்றிவிட்டான். அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, நனைந்த காலுறையோடு வந்தவர் பெல்மிராவுக்குச் சாகப்போகிறவர்களுக்கான அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். போகும்போது அடுப்பங்கரையில் ஒலிந்தாவை நிறுத்தி, அக்காவிடம் சொல்ல வேண்டியது இருந்தால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது, வெள்ளத்தில் சொன்னதையும் கடவுள் கணக்கில் வைத்துக்கொள்வார் என்றார்.

"கடவுள் கணக்கு வேற சாமி," என்றாள் ஒலிந்தா. "மிராகாயாக் கணக்கு வேற." அவருடைய காலுறையை வாங்கி அடுப்புமேல் பிழிந்து காயப்போட்டாள்.

அவர் போனபின் டெல்ஃபினா கதவைச் சாத்தினாள். "சித்தி, சொல்லிடுங்க."

"எதை?"

"எதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் சொல்லல." ஒலிந்தா சன்னலுக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்தாள். "மத்தியானத்துலேர்ந்து என்னென்னவோ பேசிட்டோம். பீப்பாய், கோழி, உப்பு. அதுக்கு நடுவுல இதையும் போட்டா இதுவும் அதுல ஒண்ணாயிடும்டி. இத்தனை வருஷம் வச்சிருந்தத அவளுக்குச் செல்லாத காசாவா குடுப்பேன்?"

"அதுக்கு நேரம் இருக்கணுமே."

"கடல் உள்வாங்கினா ஆறும் வாங்கும். சாயங்காலம் வாசல்படி தெரிஞ்சிடும். தெரிஞ்சதும் நான் கீழ இறங்கி, கல்லுல கால வச்சிட்டு, மேல ஏறி வந்து சொல்றேன். நீ அவளுக்கு முதுகுல தலகாணிய உசத்தி வை."

சாயங்காலம் கடல் வாங்கியது. ஆறு வாங்கவில்லை. மேலே மலையில் இன்னும் மழை பெய்துகொண்டிருந்தது. இருட்டியபின் தண்ணீர் முதல் மாடிப் படிக்கு வந்தது. கான்ஸ்டான்சா தையல் இயந்திரத்தோடு மேலே வந்து சேர்ந்தாள். அந்த இரவை எல்லோரும் உட்கார்ந்தே கழித்தார்கள்.

காலையில் மழை இல்லை. வெளிச்சம் வந்ததும் ஒலிந்தா சால்வையைப் போர்த்திக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள். கான்ஸ்டான்சா சிரிப்பை அடக்கிக்கொண்டு, பாட்டியம்மா மீன்பிடிக்கப் போகிறாள் என்றாள். ஒலிந்தா முதல் மாடிக்குக் கீழே, ஈரமாகத் தெரிந்த கடைசிப் படியில், உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் ஒரு படி இறங்கியிருந்தது.

பெல்மிராவின் மூச்சு இப்போது தூரத்தில் யாரோ மரம் அறுப்பதுபோல் விட்டுவிட்டு வந்தது. டெல்ஃபினா அவள் உதட்டை ஈரத்துணியால் துடைத்தாள்.

"எங்க அவ?"

"படிக்கட்டுலம்மா. தண்ணியப் பாத்துக்கிட்டிருக்காங்க."

பெல்மிராவின் முகத்தில் ஏதோ இளகியது. "பைத்தியம்," என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "அவகிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தாள்.

டெல்ஃபினா குனிந்தாள். இந்த வீட்டில் அவள் எத்தனை செய்தி சுமந்திருப்பாள். இதைச் சுமந்து இறங்கத்தான் இவ்வளவும் என்பதுபோல் காதைக் கொண்டுபோய் வைத்தாள்.

"வேணாம்," என்றாள் பெல்மிரா. "நீ சொல்லாத. தண்ணி போகட்டும். நானே சொல்லிக்கிறேன்."

அதன்பின் அவள் பேசவில்லை. கான்ஸ்டான்சா மெழுகுவர்த்தி ஏற்றி அவள் கையில் பிடித்துவைத்தாள். இரண்டு பேரும் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மரம் அறுப்பது நின்றுவிட்டது.

படிக்கட்டில் காலடிச் சத்தம் வேகமாக ஏறி வந்தது. ஒலிந்தாவின் பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது. "வாங்குது," என்றாள் நிலையிலிருந்தே, மூச்சிரைக்க. "ரெண்டு படி வாங்கிடுச்சு. மத்தியானத்துக்குள்ள வாசல்..."

மெழுகுவர்த்தியைப் பார்த்தாள்.

கான்ஸ்டான்சா எழுந்து நாற்காலியைக் காலி செய்தாள். ஒலிந்தா அதில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். "ஏதாவது சொன்னாளா?" என்றாள்.

"உங்ககிட்ட அவங்களே சொல்லிக்கிறேன்னாங்க. தண்ணி போகட்டும்னு."

ஒலிந்தா தலையை ஆட்டினாள், அது சரியான பேச்சுதான் என்பதுபோல. பிறகு அடுப்பங்கரைக்குப் போய் தண்ணீர் காயவைத்தாள். உடம்பைக் குளிப்பாட்டினாள். அக்காவின் தலைமயிரைத் தானே வாரி, நடுவகிடு எடுத்து, இரண்டு பக்கமும் பின்னிக் கட்டினாள். அந்த வயதுப் பெண்ணுக்கு யாரும் அப்படிப் பின்னுவதில்லை. கான்ஸ்டான்சா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டெல்ஃபினா அவளைக் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

முற்பகலில் பெட்டி வந்தது. மேட்டில் தச்சன் வைத்திருந்ததைச் செஃபரினோ படகில் கொண்டுவந்தான். சவவண்டிக்காரன் சொல்லியனுப்பியிருந்தான்: தெருவில் தண்ணீர் வடிந்து சேறு வாரியபிறகுதான் வண்டி இறங்கும், நாளை அல்லது மறுநாள், குளிர்காலம், அவசரமில்லை. செஃபரினோவுக்கும் அதுவே நல்லதாகப் பட்டது. வளைவுகளுக்குள் நீரோட்டம் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. காத்திருந்தால் பெல்மிரா தன் வாசல் வழியாகவே, வளைவுகளின் கீழே, பேதுரு கோயிலுக்குப் போய், ஊரார் தோளில் அக்ரமோந்தே கல்லறைக்குப் போகலாம். மிராகாயாவில் பிறந்தவர்கள் அப்படித்தான் போவார்கள். டெல்ஃபினாவும் அதைத்தான் நினைத்திருந்தாள்.

"இன்னைக்கே போகணும்," என்றாள் ஒலிந்தா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"படகுல. சன்னல் வழியா இறக்குங்க. யூதர் மேட்டுப் படிக்குக் கொண்டுபோனா மேல வண்டி நிக்க இடம் இருக்கு. சாமிய அங்க வரச் சொல்லுங்க."

டெல்ஃபினாவுக்குக் கோபம் வந்தது. இரண்டு நாளாக அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. "ஏன் சித்தி? சொந்த வாசல் வழியா போகக்கூடாதா எங்கம்மா? மூட்டை மாதிரிக் கயித்துல கட்டி மேல கொண்டாந்தோம். மூட்டை மாதிரியே கீழயும் இறக்கணுமா? ஒரு நாள் பொறுத்தா என்ன கொள்ளை போகுது?"

ஒலிந்தா பெட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தண்ணி போயிட்டா நான் சன்னல்ல நிக்கணும்டி."

கான்ஸ்டான்சா சால்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். செஃபரினோ தொப்பியைக் கையில் திருப்பினான். பிறகு யாரையும் பார்க்காமல், நீரோட்டம் மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் மட்டுப்படும், அதற்குள் ஆட்களைச் சேர்த்துவிடலாம் என்றான். டெல்ஃபினா அம்மாவின் செருப்புகளை எடுத்துப் பெட்டிக்குள் கால்மாட்டில் வைத்தாள். "சரி," என்றாள். "இன்னைக்கே."

ஆட்களை யாரும் கூப்பிடவில்லை. படகுகள் தாமாகவே வந்து சன்னலுக்குக் கீழே கூடின. முதல் மாடிச் சன்னலின் சட்டத்தைக் கான்ஸ்டான்சாவே சுத்தியலால் தட்டிக் கழற்றிக் கொடுத்தாள். பெட்டியை இரண்டு கயிற்றில் கட்டி, உள்ளே ஆறு பேர் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக விட்டார்கள். கீழே படகில் நின்றவர்கள் கைகளை உயர்த்திக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருவன்கூடக் குரல் கொடுக்கவில்லை. இந்தக் கைகள் சாதாரண நாட்களில் ஒரு பெட்டி மத்தி மீனுக்காக ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்பது டெல்ஃபினாவுக்குத் தெரியும். பெட்டி படகின் அடியில் ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்தது. சுங்க மாளிகையின் மேல் சன்னல்களில் காவலர்கள் வரிசையாக நின்றார்கள். தொப்பியை எடுத்திருந்தார்கள்.

பெட்டியோடு படகில் டெல்ஃபினாவும் ஒலிந்தாவும் உட்கார்ந்தார்கள். கான்ஸ்டான்சாவும் மற்றவர்களும் பின்னால் வந்த படகுகளில். செஃபரினோ துடுப்பைப் போடாமல், வளைவுகளின் தலைகளைக் கையால் பிடித்துப் பிடித்து நகர்த்தினான். ஒவ்வொரு சன்னலிலும் ஆட்கள் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். கூடைக் கயிறுகளைத் தூக்கிப் பிடித்து வழிவிட்டார்கள்.

ஒலிந்தா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். குரலைத் தாழ்த்தி, நிறுத்தாமல், அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் பேசினாள். யார் வீட்டுச் சன்னலில் யார் நிற்கிறார்கள் என்று சொன்னாள். கோழி முட்டை போட்டதைச் சொன்னாள். தான் புதுப்பெண்ணாக இருந்த அந்த இரவுச் சாப்பாட்டுக்கு என்ன சமைத்திருந்தாள் என்று சொன்னாள். அவெலினோ எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், தான் எப்படிப் பாவாடையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள், அவன் எப்படிச் சிரிக்காமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான் என்று சொன்னாள். டெல்ஃபினா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செஃபரினோ வளைவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யூதர் மேட்டுப் படிகள் தண்ணீரிலிருந்து செங்குத்தாக ஏறின. கீழ்ப் படிகள் முழுகியிருந்தன. மேலே சாமியாரும், மேட்டு ஜனங்களும் இரண்டு பக்கச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். படகின் மூக்கு கல்லில் இடித்தது. ஒலிந்தா பேச்சை நிறுத்தினாள்.

ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். கான்ஸ்டான்சா பின்படகிலிருந்து இறங்கி, ஒலிந்தாவுக்குக் கைகொடுத்தாள். முதலில் ஈரப் படி, அடுத்தது பாதி ஈரம், அதற்கடுத்த படியில் காலையிலிருந்து வெயில் படிந்து கல் காய்ந்து வெளுத்திருந்தது. ஒலிந்தா அதில் காலை வைத்து நின்றாள்.

மிராகாயாவில் அதைக் கவனிக்காதவர் ஒருவரும் இல்லை. கீழே படகுகளில் இருந்தவர்களும், சுவரோடு நின்றவர்களும், சாமியாரும் பார்த்தார்கள். இனி அவள் அந்த இடத்திலேயே நின்றுவிடலாம். வெள்ளம் இருந்த தூரம்வரை கூட வந்தாள், அதுவே போதும் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். கான்ஸ்டான்சா அவள் கையை விட்டுவிட்டு ஒதுங்கினாள்.

பெட்டியைச் சுமந்தவர்கள் படிகள் திரும்பும் இடத்துக்கு வந்தார்கள். அங்கே பாதை குறுகும். முன்னால் இருந்தவன் கால் மாற்றியபோது பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது.

ஒலிந்தா மூன்று படி வேகமாக ஏறினாள். கையை நீட்டிப் பெட்டியின் பக்கத்தைப் பிடித்தாள்.

"பயப்படாத அக்கா," என்றாள், எல்லோருக்கும் கேட்கும் குரலில். "இங்க திருப்பம். இத தாண்டிட்டா அப்புறம் நேர் படிதான்."

பெட்டி நிமிர்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை. படிகள் ஏற ஏற, மூச்சிரைத்துக்கொண்டே, அந்தப் படி உடைந்திருப்பதையும், மேலே யார் யார் வந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிக்கொண்டு போனாள். பெட்டியின் பக்கத்தில் ஒருவர் நடக்கத்தான் இடமிருந்தது. டெல்ஃபினா ஒரு படி பின்தங்கி நடந்தாள்.